எழுதியதைப் படிக்கச் சொல்கிறவர்

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் மரியாதை இல்லை, பயம். யாராவது இதை எண்ணூர் நெட்டுக்குப்பத்துக்குக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினால், நாலாவது வரியிலேயே கையை நீட்டி நிறுத்தி, "இத்த நான் எப்ப சொன்னேன்?" என்று கேட்பார்.

நான் அக்கா என்று கூப்பிடும் அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன்னைப் பற்றி யார் எதை எழுதினாலும் அதைப் படித்துக் காட்டாமல் அவர்கள் நகர முடியாது. ரேஷன் கடையில் கார்டில் கிறுக்குகிறவர், சுகாதார நிலையத்தில் சீட்டு எழுதுகிற நர்ஸ், மின்சார ரீடிங் எடுக்க வருகிறவர், எல்லோருக்கும் ஒரே சட்டம்தான். ஒருமுறை நர்ஸம்மா அவசரத்தில், "வயசு அம்பதுன்னு போட்டிருக்கேன், போதுமா?" என்றார். "போதுமான்னா இன்னா அர்த்தம்? நீ போடற வயசா என் வயசு? ஒயுங்கா கேட்டு எய்து" என்று சொல்லி, தான் பிறந்த வருஷம் எந்தப் புயல் வந்தது, எந்தப் படகு கவிழ்ந்தது என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் பன்னிரண்டு பேர் ஊசிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அதில் நானும் ஒருவன். எனக்குக் காய்ச்சல்.

அந்த நாட்களில் நான் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளன். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்து, அஞ்சல்வழியில் சமூகப்பணி படித்தவன். அதைவிட முக்கியமான தகுதி ஒன்று இருந்தது. இங்கிலீஷை நிறுத்தாமல் பேசுவேன். சரியாகப் பேசுவேனா என்பது வேறு விஷயம். எங்கோ பனி பெய்கிற நாடு ஒன்று ஏழை நாடுகளின் சுற்றுச்சூழலைக் காப்பாற்ற ஒதுக்கிய பணத்தில் ஒரு சொட்டு, எண்ணூர் கழிமுகத்தில் வந்து விழுந்திருந்தது. அந்தச் சொட்டுக்கு மூன்று வருட ஆயுள். அதற்குள் கரையோரமெல்லாம், ஊரார் கண்டல் என்கிற அலையாத்திச் செடி நட்டு, மீனவப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பருவநிலை மாற்றத்தை எண்ணூர் எல்லைக்கு வெளியே விட்டுவிட்டு வர வேண்டும்.

பணம் கேட்டு அனுப்பிய கருத்துருவில் பாதியை எழுதியவன் நான். என் கழிமுகத்தில் தண்ணீர் பச்சையாக இருந்தது, நாரைகள் ஒற்றைக் காலில் நின்றன. எழுதும்போது நான் எண்ணூருக்குப் போனதில்லை. வியாசர்பாடியிலிருந்து ஒரே பஸ்தான். ஆனால் கருத்துருவுக்குக் கடைசித் தேதி நெருங்கியிருந்தது.

அக்காவின் தொழில் கையால் இறால் பிடிப்பது. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, ஓலையில் முடைந்த பறிக்குள் போட வேண்டும். கைகள் இரண்டும் சேற்றில் இருப்பதால் பறியின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொள்வார்கள். அந்த நேரம் மட்டும்தான் நான் அவர் பக்கத்தில் தைரியமாக நிற்பேன். வாயில் கயிறு இருக்கும்.

முதல் நாள் கணக்கெடுப்புத் தாளோடு போனேன். வலை காயும் இடத்தில் உட்கார்ந்து இறால் பிரித்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, உங்க வாழ்வாதாரத்துக்கு முக்கியமான சவால் எது?"

"இன்னாது?"

"பொழப்புக்கு எது தொந்தரவா கீது?"

"அப்பிடி கேளு. சாம்பலு. அதோ அந்தப் பொகபோக்கி கீது பாரு, அதோட பைப்பு ஒட்ஞ்சி சாம்பலு பூரா ஆத்துல கொட்டுது. அப்பால சுடுதண்ணி. எறா பொதைய சேறு வோணும் நைனா. சிமிட்டில பொதையுமா அது?"

எந்த மின் நிலையத்தின் புகைபோக்கி என்று நான் சொல்லப் போவதில்லை. அந்தப் பக்கம் அதற்குப் பஞ்சமுமில்லை. என் தாளில் அந்தக் கேள்விக்கு ஐந்து கட்டங்கள் இருந்தன. கடன், குடிப்பழக்கம், கல்வியின்மை, இயற்கைச் சீற்றம், மற்றவை. நான் கடைசிக் கட்டத்தில் டிக் அடித்தேன்.

"எய்திக்கினியா?"

"எழுதிட்டேங்க்கா."

"பட்ச்சிக் காட்டு."

"மற்றவை."

"இன்னாது?"

"மற்றவைன்னு போட்டிருக்கேன்."

"நான் எப்ப மத்தவைன்னு சொன்னேன்? சாம்பலுன்னுதானே சொன்னேன்?"

"சாம்பலு அதுக்குள்ள அடங்கும்க்கா."

"அதுக்குள்ள வேற இன்னா இன்னா கீது?"

"எல்லாமே இருக்கும்."

"எல்லாம் கீதுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஓரத்துல எய்து."

ஓரத்தில் எழுதினேன். சாம்பல், சுடுதண்ணீர். இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். திருப்தியாகத் தலையாட்டி, ஒரு கை இறாலைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அலுவலகத்தில் அந்தத் தாள்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். கம்ப்யூட்டரில் ஓரம் கிடையாது.

அடுத்து, சமுதாயக் கூடத்தில் பருவநிலை மாற்றம் பற்றி வகுப்பு. பூமி உருண்டை வாயில் தர்மாமீட்டர் வைத்துக்கொண்டு காய்ச்சலில் படுத்திருப்பதுபோல் ஒரு படம் வந்திருந்தது. அதை மாட்டி, இன்னும் ஐம்பது வருஷத்தில் கடல் எப்படிச் சூடாகும் என்று நான் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். பெண்கள் டீ வரும் வரை பொறுமையாகக் கேட்டார்கள். அக்கா எழுந்தார்.

"அம்பது வர்சம் எதுக்கு நைனா? இப்பவே வா, காட்டறேன்."

மொத்த வகுப்பும் என் பின்னால் வந்தது. மின் நிலையத்தின் தண்ணீர் வந்து விழும் இடத்துக்குக் கொஞ்சம் தள்ளி நிறுத்தி, "கால வையி" என்றார். பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டி, பயிற்றுநருக்குரிய கம்பீரத்தோடு காலை வைத்தேன். சுட்டது. துள்ளி அடுத்த காலை வைத்த இடம் தரைபோல் தெரிந்த சாம்பல் சேறு. முழங்கால்வரை உள்ளே போனேன். நாலு பேர் சேர்ந்து என்னை மேலே இழுத்தார்கள். செருப்பு மேலே வரவில்லை.

"இப்ப எய்திக்கோ" என்றார் அக்கா. "சாரு செருப்ப சாம்பலு முய்ங்கிட்ச்சின்னு."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அந்த மாத அறிக்கையில், 'பங்கேற்பாளர்களுடன் களப்பயணம் மேற்கொள்ளப்பட்டது' என்று எழுதினேன். பொய் இல்லை.

ஏன் இப்படிப் படித்துக் காட்டச் சொல்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். இறால் தலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னார்.

"முன்ன ஒரு தபா டை கட்டிக்கினு ரெண்டு பேரு வந்தாங்க. ரேசனு, லைட்டு, ரோடு எல்லாம் வரும்னு ஒரு பேப்பருல கைநாட்டு வாங்கினு போனாங்க. வரிசையில மொத ஆளு நான். அப்பால பாத்தா, பைப்பு வர்றதுக்கு எங்களுக்கு ஆட்சேபணை இல்லன்னு அதுல எய்திக்கீது. அன்னிக்கு இத்த பட்ச்சிக் காட்டுங்கன்னு கேக்கத் தெரியல எனக்கு."

"நீங்க பொய்யே சொல்லமாட்டீங்களாக்கா?"

"யாரு சொன்னது? மீனு விக்கிறவ பொய் சொல்லாம பொயக்க முடியுமா? நேத்து வந்த மீன இன்னிக்கு மீனுன்னு நூறு தபா சொல்லுவேன். பேப்பருல மட்டும் சொல்லமாட்டேன்."

மூன்று வருடமும் செடி நட்டோம். மூன்று முறையும் செத்தது. முதல் வருடம் செத்தபோது வருத்தப்பட்டேன். இரண்டாம் வருடம் காரணம் எழுதினேன். மூன்றாம் வருடம் மதிப்பீட்டாளர் வரும் தேதி வந்தது. பணம் கொடுத்த நாட்டிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவர் நல்லபடி எழுதினால் இரண்டாம் கட்டம். மகளிர் குழுவில் இருபது பேருக்கு இன்னும் மூன்று வருடம் நடவுக் கூலி, எனக்கு மூன்று வருடச் சம்பளம். அவர் வேறு மாதிரி எழுதினால் எல்லாம் அதோடு சரி.

தேதியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். விரலை மடித்துக் கணக்குப் போட்டார்.

"பௌர்ணமிக்கு மறுநாளா? காலைல பத்து மணிக்கா? தண்ணி ஏறி நிக்குமே. செடியப் பாக்க வர்றாரா, முங்கிக் குளிக்க வர்றாரா?"

"தேதி அங்க முடிவானதுக்கா. மாத்த முடியாது."

"நெலாவாண்ட சொல்லிட்டாங்களா?"

முதல்நாள் பிற்பகல், தண்ணீர் வற்றியிருந்த நேரத்தில், ஒரு வண்டி நிறையச் செடி வந்து இறங்கியது. செத்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு இவற்றை நட வேண்டும் என்பது எங்கள் நிறுவன இயக்குநரின் உத்தரவு. குழுத் தலைவி செல்வி பெண்களைக் கூட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். நேரமில்லை என்பதால், வேரைச் சுற்றிய கறுப்புப் பையைக்கூடக் கிழிக்காமல் அப்படியே குழியில் வைத்து அமுக்கச் சொன்னேன். இந்த யோசனை என்னுடையது. பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கவில்லை.

"யக்கா, நாளைக்கு அவரு கேட்டா..." என்று இழுத்தேன்.

"கேட்டா நேத்து நட்டதுன்னு சொல்லுவேன்."

"ஐயோ, வேணாம்க்கா. உங்களுக்கெல்லாம் கூலி வர்றதும் அதுலதானே?"

"அந்தாளு நோட்டு வெச்சிருப்பாரா?"

"இருப்பாரு."

"அப்ப நான் இன்னா பண்ணுவேன் சொல்லு" என்றார், ஏதோ அவர் கையில் இல்லாத விஷயம்போல. பிறகு குரலைத் தணித்து, "மூணு வர்சமா உன்னாண்ட சொல்லிகினு கீறேன். நீயும் ஓரத்துலயே எய்திகினு கீற. துட்டு குடுக்கறவன் நேரா வர்றான். சாம்பலுன்னு அவன் நோட்டுல ஏறணும். அவ்ளோதான் எனக்கு" என்றார்.

மறுநாள் மதிப்பீட்டாளர் வந்தார். உயரமாக, வெயிலில் சிவந்து, எல்லோருக்கும் கைகூப்பி வணக்கம் சொன்ன நல்ல மனிதர். கரையில் எங்கள் கணுக்கால்வரை தண்ணீர் ஏறி நின்றது. செடிகளின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. மொழிபெயர்க்க என்னை நிறுத்தினார்கள். செல்வி நன்றாகப் பேசினார். இன்னும் இரண்டு பெண்கள் நன்றாகப் பேசினார்கள். நான் அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அடுத்த இடத்துக்கு நகரப் பார்த்தேன். மதிப்பீட்டாளர் நேராக அவரிடம் போய், இந்தத் திட்டத்தால் உங்களுக்கு என்ன நன்மை என்று கேட்டார்.

அக்கா அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "செடி நட கூலி வந்துச்சி. அது நல்லது, எய்திக்கச் சொல்லு. ஆனா செடி மூணு தபாவும் செத்துப்போச்சி. சாம்பலு மூட்னா அது எப்டி மூச்சு வுடும்? இதெல்லாம் நேத்து நட்டது. அந்தப் பைப்ப அடைக்கச் சொல்லுங்க. ஆறு ஆறா இருந்தா கண்டலு தானா மொளைக்கும்."

நான் மொழிபெயர்த்தேன். திட்டத்தால் வருமானம் கிடைத்தது என்கிறார். சில சுற்றுச்சூழல் சவால்கள் இருக்கின்றனவாம். செடிகளை அவ்வப்போது புதுப்பித்து வருகிறார்களாம்.

மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டார்.

"இன்னா எய்திக்கினாரு? பட்ச்சிக் காட்டச் சொல்லு."

நான் அவரிடம், உங்களுக்கு நன்றி சொல்கிறார் என்றேன். அவர் நெகிழ்ந்துபோய் அதையும் எழுதினார்.

"அத்தயும் பட்ச்சிக் காட்டச் சொல்லு" என்றார் அக்கா.

நான் வாட்ச்சைப் பார்த்தேன். அக்கா அவர் முன்னால் போய் நோட்டைத் தொட்டுக் காட்டி, பிறகு அவர் வாயைக் காட்டினார். இதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுதியதை இங்கிலீஷில் சத்தமாக வாசித்தார். அக்கா தலையைச் சாய்த்துக் கடைசிவரை கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அதுல ஆஷ் வரலியே?"

நான் குனிந்து பேண்ட் மடிப்பைச் சரிசெய்தேன்.

"என் வூட்டுக்காரரு ஆறு மாசம் ஆஷ் பைப்புலதான் காண்ட்ராக்டு வேலை பாத்தாரு. சாம்பலுக்கு இங்கிலீசுல ஆஷ்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? டபாய்க்கிறியா நைனா?"

அவரே குனிந்து, தண்ணீருக்கடியில் கையை விட்டு ஒரு பிடி சாம்பல் சேற்றை அள்ளி, மதிப்பீட்டாளர் முன்னால் நீட்டி, "ஆஷ்" என்றார். அந்த நேரம் பார்த்து, முதல்நாள் நட்ட செடி ஒன்று கறுப்புப் பையோடு மிதந்து வந்து அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. இன்னொன்று அதன் பின்னால் வந்தது. இயக்குநர் வானத்தைப் பார்த்தார். எனக்குப் பார்க்க எதுவுமில்லாததால் மொழிபெயர்க்க ஆரம்பித்தேன். மூன்று வருடத்தில் முதல்முறையாக, அவர் சொன்னதைச் சொன்னபடியே.

மதிப்பீட்டாளர் இரண்டு பக்கம் எழுதினார். கேட்காமலேயே வாசித்தும் காட்டினார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, "ஆங், இப்ப சரி" என்றார் அக்கா.

நோட்டை மூடியபின் அவர் என்னிடம் மெதுவாகப் பேசினார். இந்தப் பெண்மணி சொல்வது உண்மைதான். ஆனால் இந்த நிதி செடி நடுவதற்கானது. தொழிற்சாலைக் கழிவு வேறு பிரிவில் வரும், அதில் தனக்கு அதிகாரமில்லை. மன்னிக்க வேண்டும். சொன்னபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதை மட்டும் எனக்கு மொழிபெயர்க்கத் தெரியவில்லை.

"அது வேற பிரிவாம்க்கா" என்றேன்.

"எந்தப் பிரிவு?"

கேட்டேன். அவருக்குச் சரியாகத் தெரியவில்லை.

நான்கு மாதம் கழித்து அறிக்கை வந்தது. இரண்டாம் கட்டம் இல்லை. காரணம், உள்ளூர் மக்களின் ஈடுபாடு போதவில்லை. செருப்பை விழுங்கிய சாம்பலுக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று வாதாடிய ஊருக்கு ஈடுபாடு போதவில்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அலுவலக டீ டம்ளரை ஓங்கி வைத்தேன். அது உடையக்கூட இல்லை, பிளாஸ்டிக். அறிக்கையில் சாம்பலும் இருந்தது. கடைசி இணைப்பில், 'திட்ட வரம்புக்கு வெளியே உள்ளவை' என்ற தலைப்பின் கீழ், ஒன்றரை வரி.

அறிக்கையை எடுத்துக்கொண்டு போனபோது செல்வி அக்காவை நடுத்தெருவில் பிடித்துக்கொண்டிருந்தார். "உன் வாயால இருவது பேரு கூலி போச்சி. பேஜாரு புட்ச்ச பொம்பள! ஒரு நாளு வாய மூடிகினு இருந்தா இன்னா கொறஞ்சா பூடுவ?"

"போச்சி" என்றார் அக்கா. "எனக்குந்தான் போச்சி." அதற்குமேல் அவர் பதில் பேசாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

செல்வி போனபின், "பட்ச்சிக் காட்டு" என்றார். ஒன்றரை வரியைத் தமிழில் சொன்னேன்.

"வரம்புக்கு வெளியன்னா எங்க?"

"வேற யாரோ பாக்கணும்னு அர்த்தம்க்கா."

"அப்ப அந்த வேற யாருக்கோ நாமளே எய்துவோம். பேப்பரு எடு."

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். கருத்துரு எழுதிய கைக்கு, இந்த முறை ஒரு சொல்லைக்கூட அழகாக்க அனுமதி கிடைக்கவில்லை. 'ஆத்துல சாம்பல் கொட்டுது. எறா இல்ல. நீங்க குடுத்த செடி மூணு தபா செத்துப்போச்சி. இனிமே செடி வேணாம். பைப்ப வந்து பாருங்க.' அனுப்புநர் என்று அவர் பெயரும் வீட்டு எண்ணும் எழுதினேன். பெறுநர் என்று எழுதிவிட்டு நிறுத்தினேன்.

"ஏன் நின்னுட்ட?"

"யாருக்குன்னு தெரியலக்கா. கைநாட்டு வெச்சிக் குடுங்க, விசாரிச்சு எழுதி அனுப்பிடறேன்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வெறும் எடம் வுட்ட பேப்பருல நான் கைநாட்டு வெக்கமாட்டேன். பேரத் தெரிஞ்சிகினு வா. என் எதிருல எய்து. அப்பால வெக்கறேன்." கடிதத்தை வாங்கி நாலாக மடித்து, பிளாஸ்டிக் கவருக்குள் ரேஷன் கார்டோடு வைத்துக்கொண்டார்.

உண்மையாகவே விசாரித்தேன். ஒரு துறையில் இன்னொரு துறையைச் சொன்னார்கள். அந்தத் துறையில் டெல்லியைச் சொன்னார்கள். டெல்லிக்குப் போன் போட்டால், பணம் கொடுக்கிறவர்கள் கேட்டால்தான் செய்ய முடியும் என்றார்கள். பணம் கொடுக்கிறவர்களின் சென்னை ஆலோசனை நிறுவனம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு அங்கே போனேன். ஏசி அறையில் ஒரு மேலாளர் அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டார். நெட்டுக்குப்பம், சாம்பல், சுடுதண்ணீர், உடைந்த பைப், எல்லாவற்றையும் சொன்னேன்.

"ரொம்ப நல்லா விளக்கறீங்க. கருத்துரு எழுதுவீங்களா?" என்றார்.

முகவரி கேட்கப் போன இடத்தில் வேலை கொடுத்தார்கள். பழைய சம்பளத்தைவிட இரண்டு மடங்கு. ஒத்துக்கொண்டேன். முதல் வேலையே எண்ணூர் கழிமுகத்தில் அலையாத்தி நடுவதற்கான கருத்துரு, வேறொரு நாட்டின் பணத்துக்கு. முக்கியப் பிரச்சினைகள் என்ற இடத்தில் முதல் வரியாகச் சாம்பல் என்று எழுதினேன். மேலாளர் பென்சிலால் மெல்லிய கோடு போட்டு அடித்தார். "இந்த நிதிக்கு அது பொருந்தாது தம்பி" என்றார். நான் சரி சார் என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

கருத்துரு தேறிவிட்டது. நடும் இடம் நெட்டுக்குப்பம் என்று முடிவானபோது, கணக்கெடுப்புக்கு வேறு ஆளை அனுப்புங்கள், எனக்கு முதுகுவலி என்று சொன்னேன்.